விறாந்தையில் போட்ட பாய்

கட்டாரில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு என் கணவர் ஒரேயடியாக வீட்டுக்கு வந்த அன்று, அவருக்கு நான் பாய் போட்டது அறைக்குள் இல்லை, வெளி விறாந்தையில். அதற்கு முன் எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவர் மேல் எனக்கு வெறுப்பும் இல்லை. அந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் முப்பது நாள் லீவில் வந்து போயிருந்தார். அவர் வரும் நாளுக்காக நான் நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டு இருந்தவள். இருந்தும் விறாந்தையில்தான் போட்டேன். இப்போது சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி அந்த நிலைமைக்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாவிக்கரையோரமாக இருக்கிற எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஊரில் வேறு தோதான கட்டடம் இல்லாததால் மாதத்தில் ஒரு புதன்கிழமை கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கும் அங்கேதான் நடக்கும். அன்றைக்குப் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டு, குட்டிக் கதிரைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, சேலையொன்றைத் திரையாகக் கட்டிக் கொடுப்பேன். பிறகு மூலையில் இருந்து, வந்தவர்களின் பேரை இடாப்பில் எழுதுவேன். கை எழுதும், காது கேட்கும். இரும்புச்சத்துக் குளிசையை எப்போது குடிப்பது, எப்போது தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது, கால் வீங்கினால் என்ன செய்வது என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, எனக்கே பாதி மிட்வைஃப் பட்டம் கொடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

கிளினிக் நடத்த வருகிற எங்கள் மிட்வைஃப் ஐந்தடிக்கும் குறைந்தவர். குரல் மட்டும் ஏழடி. ஸ்கூட்டியில் வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேசத் தொடங்கிவிடுவார். அப்படி ஒரு புதன்கிழமை, கர்ப்பம் தங்கினதும் ஏன் எல்லாப் பெண்களிடமும் ரத்தம் எடுக்கிறோம் தெரியுமா என்று கேட்டார். சீனி நோய்க்கு என்றார் ஒருவர், குரூப் பார்க்க என்றார் இன்னொருவர். அவர் சிபிலிஸ் என்று சொன்னார். பழைய ஆட்கள் மேகநோய் என்று சொல்வதில் ஒன்று என்றார். எச்.ஐ.விக்கும் பார்க்கிறோம் என்றார். பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் துணிந்து, எங்கள் வீட்டுக்காரருக்கு மெடிக்கல் பாஸ்தானே மிஸ், எங்களுக்கு அந்த வருத்தம் எப்படி வரும் என்று கேட்டாள்.

இந்த மெடிக்கல் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணக் காரியம் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கொழும்பில் வைத்து ரத்தம், சலம், நெஞ்சுப்படம் எல்லாம் எடுத்துப் பார்த்து, தகுதியானவர் என்று ஒரு கடதாசி கொடுப்பார்கள். ஏஜென்சிக்காரருக்காகக் கொடுக்கிற அந்தக் கடதாசி எங்கள் ஊர்களில் நற்சான்றிதழ் ஆகிவிட்டது. கலியாணம் பேசப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு தரம் மெடிக்கல் பாஸ் என்று சொல்லி மார்தட்டுகிறார்கள். பெண் வீட்டாரும் தலையாட்டுகிறார்கள். என் கணவர் தன்னுடையதைக் கண்ணாடித்தாளில் போட்டு ஒட்டுவித்தே வைத்திருந்தார். தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாது என்று எனக்குப் பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு மிட்வைஃப் சொன்ன பதிலில்தான் என் பேனா நின்றது.

"அது அவர் போக முதல் எடுத்த ரத்தம். போன பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கடதாசிக்குத் தெரியுமா?"

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிபிலிஸ் வந்தால் முதலில் ஒரு புண் வரும், அது நோகாது, மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் தானாக ஆறிவிடும், ஆளும் சுகம் என்று நினைத்துக்கொள்வார், ஆனால் கிருமி உள்ளே இருக்கும் என்றார். மனைவிக்கு வரும், மனைவி வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும், பிள்ளை வயிற்றிலேயே இறந்தும் போகலாம் என்றார். கண்டுபிடித்துவிட்டால் ஊசியோடு சுகமாகிவிடும், கண்டுபிடிக்கத்தான் ஒருவரும் வருகிறார்கள் இல்லை என்று அலுத்துக்கொண்டார். வெளிநாட்டில் இருந்து யார் வந்தாலும் முதலில் இரண்டு பேரும் போய் ரத்தம் பாருங்கள், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், இலவசம் என்று முடித்துவிட்டு எடை பார்க்கத் தொடங்கினார்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஒரே மகளுக்கு ஒன்பது. அவர் இன்னும் மூன்று மாதத்தில் வருகிறார், வருவதே இரண்டாவது பிள்ளைக்காகத்தான். வயது போகிறது, இனியும் தள்ளிப் போட்டால் நடக்காது என்று தொலைபேசியில் அழுது சண்டை பிடித்து அவரை வரச் சொன்னவள் நான்தான். அந்தப் பிள்ளை எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைக்குப் போனால் சின்னச் சட்டைகள் தொங்குகிற பக்கம் பார்க்காமல் நடப்பேன். இப்போது அந்தப் பிள்ளை வருகிற வழியில் இப்படி ஒன்று கிடக்கலாம் என்று கேட்ட பிறகு, கேட்காதவள் மாதிரி எப்படி இருப்பது? முன்பு லீவில் வந்த முப்பது நாளையும் நினைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் கேட்கவும் இல்லை. அந்த நினைப்பில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எப்படிச் சொல்வது என்று மூன்று மாதம் யோசித்தேன். தொலைபேசியில் சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு தடவையும் மழை எப்படி, வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்தேன். அவர் வந்து சேர்ந்தது ஒரு விடியற்காலை. ஊர் முழுக்க வந்து பார்த்தது. சொக்லேட், போர்வை, கோடாலித் தைலம், பால்மா என்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து, வீடு அடங்கும்போது பின்னேரம் நான்கு மணி. அவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். மகள் சொக்லேட்டோடு பக்கத்து வீட்டில். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று பின்னால் போனேன். அவர் முகமெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லத் தேவையில்லாத நேரமாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

"இஞ்சருங்க, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது. நாளைக்கு நாம ரெண்டு பேரும் டவுனுக்குப் போய் ரத்தம் குடுத்திட்டு வருவம். மத்ததெல்லாம் அதுக்குப் பிறகு."

மற்றதெல்லாம் என்றால் என்ன என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். அறைப் பக்கம் தாடையால் காட்டினேன். அவர் கண்ணை மூடியிருந்ததால் அது வீணாகப் போயிற்று. பிறகு வாயால்தான் சொல்ல வேண்டி வந்தது. மிட்வைஃப் சொன்ன எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். புண் வந்து ஆறினாலும் உள்ளே இருக்கும் என்பதையும், பிள்ளைக்கும் போகும் என்பதையும் சொன்னேன். அவர் வாளியை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு ஈரத் துணியோடு விறுவிறென்று உள்ளே போய், பெட்டியைக் கிண்டி, அந்த ஒட்டுவித்த மெடிக்கல் கடதாசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாசித்துப் பார், எழுத்துத் தெரிகிறதா என்றார். எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. அவர் கட்டாருக்குப் போன, ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்த வருடமும் அதில் தெரிந்தது. அந்த வருடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"நீ என்னச் சந்தேகப்படுறாய்."

"சந்தேகம் இல்ல. எனக்குப் பிள்ள வேணும். நானும்தானே குடுக்கப் போறன்."

"நீ ஏன் குடுக்கோணும்? நீ என்ன செஞ்சாய்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. இரண்டு பேரும் கொடுப்போம் என்றால் அவருக்குக் குறைச்சலாக இருக்காது என்று நல்ல எண்ணத்தில் சொன்னது, எனக்கே திரும்பி வந்தது. எனக்கு வந்த கோபத்தில், ஐந்து வருடம் இந்தக் கிணற்றடியில் நானும் மகளும்தான் குளித்தோம், வேண்டுமானால் கிணற்றைக் கேளுங்கள் என்று கத்தினேன். அன்றைக்குப் பாய் விறாந்தைக்குப் போனது அப்படித்தான். அவரும் விடிந்ததும் ஒரு பையில் உடுக்க இரண்டு சாரத்தைப் போட்டுக்கொண்டு, வாவிக்கு அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கிற அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கலியாணம் என்றால் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். அவர் பிறந்த வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போய்விட்டது, இருக்கிற வீடு என் பேரில். கட்டாரில் உழைத்து அறை கட்டியவர் அவர், காணி உறுதிப் பத்திரத்தில் இருப்பது என் பேர். ஆகவே கோபித்துக்கொண்டு போகிற ஆணுக்கு எங்கள் ஊர்களில் நிரந்தரமாக இருக்க ஓர் இடம் இல்லை. அக்கா வீட்டில் முதல் நாள் கோழி, இரண்டாம் நாள் மீன், மூன்றாம் நாள் மச்சான்காரர் நீங்கள் எப்போது போகிறீர்கள் என்று கேட்காமல் கேட்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால்தான் துணிந்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர் போன பிறகு வாசல் கடப்படியைச் சாத்திவிட்டு நின்று, ஐந்து வருடம் காத்திருந்து வந்த மனிதரை ஒரே நாளில் துரத்திவிட்டேனே என்று விக்கி விக்கி அழுதேன்.

இரண்டாம் நாள் மச்சாள், அதாவது அவருடைய அக்கா, தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். எடுத்த எடுப்பில் சண்டைதான்.

"என்னகா, வந்த மனிசன விறாந்தையில படுக்கப் போட்டியாமே? அவன் என்ன நாய்க்குட்டியா?"

காரணத்தை அவர் அக்காவிடம் சொல்லவில்லை என்பது அதில் விளங்கியது. எப்படிச் சொல்வார்? நானும் சொல்ல முடியாது. அவருக்குக் குறட்டை கூடிப்போயிற்று, காற்றுப் படுகிற இடத்தில் படுத்தால் குறையும் என்று சொன்னார்கள் என்று ஏதோ உளறினேன். மச்சாள் நம்பவில்லை. கட்டாரில் குளிரறையில் படுத்தவனுக்கு விறாந்தைக் காற்று மருந்தா என்று கேட்டுவிட்டு, என் வாய்க்கொழுப்பு, என் படிப்பு, என் பாலர் பாடசாலை எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டி வைத்தார். நான் ஓம் மச்சாள், ஓம் மச்சாள் என்று கேட்டுக்கொண்டு இருந்தேன். வேறு நேரமாக இருந்தால் நானும் நாலு கொடுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் மிட்வைஃப் ஏதோ படிவம் எடுக்கப் பாலர் பாடசாலைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டார். நான் கொட்டிவிட்டேன். கேட்காமலே விட்டிருக்கலாமோ, அவருக்கு ஒன்றும் இல்லாவிட்டால் வீணாக மனுசரை இழந்துவிடுவேனோ என்று கேட்டேன். அவர் வழமையான ஏழடிக் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"கேட்டுட்டீங்க டீச்சர், கஸ்டமானது அதுதான். மத்தது அவர்ர கையில. அவருக்கு ஒண்டும் இல்லாட்டி நல்லம்தானே, அதையும் பாத்தாத்தான் தெரியும்."

போகும்போது கடதாசிப் பையில் சுற்றி ஆணுறை கொஞ்சம் தந்தார். அவர் வந்து சமாதானமாகி, ரத்தம் பார்க்க மட்டும் சம்மதிக்காவிட்டால் அதுவரைக்கும் இதையாவது பாவியுங்கள் என்றார். அதை எங்கே வைப்பது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. முதலில் பாடசாலை அலுமாரியில் விளையாட்டுக் கட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு பிள்ளைகள் எடுத்து பலூன் என்று ஊதிக்கொண்டு வரிசையாக வீட்டுக்குப் போகிற காட்சி மனதில் வந்து, ஓடிப்போய் எடுத்துக் கைப்பையில் போட்டேன். அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நாலாம் நாள் காலை, பாதை என்று நாங்கள் சொல்கிற, வாவியைக் கடக்கிற அந்த மிதவையின் முதல் தடவையிலேயே அவர் வந்துவிட்டார். மகளைத் தூக்கிக் கொஞ்சினார். குசினிக்குள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்று, நான் தேங்காய் துருவுவதைப் பார்த்துக்கொண்டு, எப்போது போவது என்று மட்டும் கேட்டார்.

நான் கேட்டதற்கு அவர் இணங்கிவிட்டார். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. கிணற்றடியில் துள்ளிய மனிதர் அப்படியே துள்ளிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாலு நாளில் அடங்கி வருகிறார் என்றால் அந்தப் பக்கத்தில் இருந்து என்னத்தை யோசித்தார்? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்கே போகலாம் என்றேன்.

டவுன் ஆசுபத்திரியில் பாலியல் நோய்களுக்கான கிளினிக் ஒரு பக்கமாக இருந்தது. நான் நினைத்துப் போனது போல இருட்டு அறையோ முகத்தைச் சுளிக்கிற ஆட்களோ இல்லை. ஆளுக்கொரு இலக்கம் தந்தார்கள், அந்த இலக்கத்தால்தான் கூப்பிட்டார்கள். மர வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். எங்களைக் கண்டதும் சட்டென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு, பல்லுக் காட்ட வந்து வழி தவறியவர் மாதிரி முகத்தைக் கோணினார். நாங்கள் அவரைக் காணாதவர்கள் ஆனோம். அந்த நன்றியை அவர் இன்று வரை மறக்கவில்லை. எங்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்கிறார்.

டொக்டர் எங்கள் இரண்டு பேரோடும் தனித்தனியாகக் கதைத்தார். என் வயதிருக்கும் பெண். ஏன் வந்தீர்கள் என்று கேட்டார், பிள்ளை வேண்டும் என்று வந்தேன் என்றேன். அவர் சிரித்து, நல்ல காரணம் என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஒரு கிழமை, ஏழு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு கிழமையும் அவர் சொல்லாமலே விறாந்தையில் படுத்தார். பகலில் வேலியை அடைத்தார், கிணற்றை இறைத்துச் சேறு எடுத்தார், ஒழுகாத கூரையில் ஏறி ஓடு மாற்றினார். நாங்கள் கலியாணத்துக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி ஒருவருக்கொருவர் மரியாதையாகச் சோறு பரிமாறிக்கொண்டோம். அப்பா ஏன் வெளியே படுக்கிறார் என்று மகள் கேட்டதற்கு வெக்கை என்றேன். அன்றைக்கு நல்ல மழை.

முடிவு நாளில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் சரி என்று டொக்டர் சொன்னார். அந்த முப்பது நாள் லீவு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, இறங்கியது. நன்றி சொன்னேனா என்று கூட ஞாபகம் இல்லை. வெளியே வந்து இருந்தேன். அவர் உள்ளே போனார். நான் நினைத்ததைவிட நெடுநேரம் வரவில்லை. அடுத்த இலக்கக்காரர் இரண்டு தரம் எழும்பி எழும்பி இருந்தார். அந்த நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

அவர் வந்ததும் நேரே வெளியே நடந்தார். ஆசுபத்திரி மதிலோரம் ஒரு மரத்தடியில் வாங்கு இருந்தது. நான் இருந்தேன், அவர் நின்றார். இருங்கள் என்றேன். இருக்க முடியாது, இரண்டு பக்கமும் ஊசி போட்டிருக்கிறார்கள் என்றார். அப்படி நின்றுகொண்டே சொன்னார்.

"எனக்கு இரிக்கு புள்ள. சிபிலிஸ். வேற ஒண்டும் இல்ல. உனக்கு இல்லயாம், டொக்டர்ட்ட முதல் அதத்தான் கேட்டன். உனக்கு இல்ல."

உனக்கு இல்லை என்பதை மூன்றாவது தடவையும் சொன்னார், அப்போது குரல் உடைந்து அழுதார். அந்த மனிதர் அழுது நான் கண்டது அதுதான் முதல் தடவை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். லீவு முடிந்து திரும்பிப் போன பிறகு நடந்ததாம். கொஞ்ச நாளில் ஒரு புண் வந்ததாம், நோகவில்லையாம். அறையில் கூட இருந்தவர் ஒரு பூசு மருந்து கொடுத்தாராம், பூச ஆறிவிட்டதாம், அதோடு மறந்துவிட்டாராம். நான் கிணற்றடியில் புண் ஆறினாலும் உள்ளே இருக்கும் என்று சொன்னது அவரை அக்கா வீட்டிலும் விடவில்லையாம். மச்சான்காரரின் வட்டையில் வரம்பில் இருந்து வயலைப் பார்த்துக்கொண்டு மூன்று நாளும் அதையே நினைத்தாராம்.

யார், எங்கே, எத்தனை தடவை என்று எல்லாம் சொல்லத் தொடங்கினார். நான் வேண்டாம் என்றேன். எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், அதைவிடப் பெரிதாக, எனக்கு மூச்சு வந்தது. நான் கேட்காமல் இருந்திருந்தால், வந்த அன்றே இரண்டு பேரும் அறைக் கதவைச் சாத்தியிருந்தால், இந்நேரம் அது எனக்குள் இருந்திருக்கலாம். எனக்குள் வரப்போகிற பிள்ளைக்கும் போயிருக்கலாம். ஒரு கிணற்றடிச் சண்டையோடு அது வாசலிலேயே நின்றுவிட்டது. கோபப்படக் காலம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். எழும்பி, கன்டீனில் தேத்தண்ணீர் குடிப்போம் வாருங்கள் என்றேன். அவர் அங்கேயும் நின்றுகொண்டுதான் குடித்தார்.

கோபமும் சொன்னபடியே வந்தது. அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையும் ஊசி. அவர் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு காலை அகட்டி நடந்து வருவார். நோகிறதா என்று நான் கேட்கவில்லை, நோகட்டும் என்றே இருந்தேன். சில நாள் கறிக்கு உப்புப் போடாமல் விட்டேன், அவர் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஏன் துரத்தவில்லை என்று என்னையே நான் கேட்டிருக்கிறேன். அவர் எனக்கு முன்னால் பொய் சொல்லாமல் நின்றார் என்பது ஒன்று. தனக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் எனக்கு இருக்கிறதா என்று கேட்டார் என்பது இன்னொன்று. அது எனக்குப் போதுமாக இருந்ததா என்றால், எல்லா நாளும் இல்லை.

ஒருநாள் அவர் வளவில் மாமரத்தடியில் நின்று, கட்டாரில் அறையில் கூட இருந்த அந்தப் பூசு மருந்து நண்பரோடு தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டேன். வெட்கத்தில் குரல் உள்ளே போய் வந்தது. எனக்கு வந்த புண் நீ தந்த மருந்தில் ஆறவில்லை, தானாக ஆறியது, உனக்கும் அப்படி வந்ததென்று சொன்னாய்தானே, நீயும் போய் ரத்தம் பார், வீட்டுக்குப் போக முதல் பார் என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் அவர் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காதே என்று இவர் அதட்டினார். அன்றைக்குக் கறிக்கு உப்புச் சரியாகப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மருந்து வேலை செய்திருக்கிறது என்றார் டொக்டர். இன்னும் மூன்று மாதத்தில் மறுபடியும் பார்த்தார், நன்றாகக் குறைந்துவிட்டது, இனி உங்கள் விருப்பம் என்றார். மிட்வைஃப் தந்த பை அதுவரைக்கும் பயன்பட்டது. பாய் எப்போது விறாந்தையில் இருந்து உள்ளே வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. மச்சாள் மட்டும் குறட்டை குறைந்துவிட்டதா என்று ஒரு கலியாண வீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டார். ஓம் மச்சாள், நல்ல மருந்து கிடைத்தது என்றேன்.

அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை, இத்தனை வருடமாக இடாப்பு எழுதிய நான், என் பாலர் பாடசாலையிலேயே குட்டிக் கதிரையில் இருந்து கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்த அன்று மிட்வைஃப் அதைச் சத்தமாக வாசிக்காமல் என் கையில் தந்தார். நான் இரண்டு தரம் வாசித்தேன். எல்லாம் இல்லை, இல்லை என்றே இருந்தது. அவ்வளவு சந்தோசமாக இல்லை என்ற சொல்லை நான் வாசித்ததில்லை. முன்னெச்சரிக்கையாக இடையிலும் ஒருதரம் பார்த்தார்கள், அதுவும் சரியாக இருந்தது.

மகன் பிறந்தது ஒரு காலை பத்து மணி போல. வார்டில் பார்க்க விடுகிற நேரம் வந்ததும் அவர் வந்தார். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். பக்கத்துக் கட்டில்களில் அப்பாமார் பிள்ளையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு இருந்தார்கள். இவர் கிட்ட வரவே இல்லை. என்ன என்று கேட்டேன். குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"தொடலாமா?"

அந்த நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று டொக்டர் அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார். சுகமாகிவிட்டது என்று கடதாசியில் எழுதியும் கொடுத்தார். இருந்தும் இந்த மனிதர் இத்தனை மாதமும் அந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் மிச்சமாக இருந்த கோபம் அந்த இடத்தில்தான் போனது என்று நினைக்கிறேன். பிள்ளையைத் துணியோடு தூக்கி அவர் பக்கம் நீட்டினேன்.

"புடியுங்க. அவனுக்கு ஒண்டுமில்ல. உங்களுக்கும் ஒண்டுமில்ல."

அவர் முதலில் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.